ஊக்கு

ஐயா,
உத்தரவுப்படி காலை ஒன்பதே முக்காலுக்கு
சைதாப்பேட்டை குழாயடியிலிருந்து
மேற்படி சம்பங்கியைப் பின்தொடர்ந்தேன்.
வயது நாற்பத்தொன்று. தோல் மண்டித் தொழிலாளர் சங்கம்.
இடது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.
ஊக்கைக் குறித்துக்கொண்டேன்.

மாறுவேடத்துக்கு இலாகா கொடுத்தது
ஒரு துண்டு, ஒரு மஞ்சள் பை.
காக்கிக் கால்சட்டையை மாற்றவில்லை,
வேறு இல்லை.
லாங்கு பஜாரில் வெங்காயக்காரி
"இன்னா ஏட்டையா, இன்னிக்கி மப்டியா?" என்றாள்.
அவள் பெயரைக் குறிக்கவில்லை.

பத்தரை மணிக் காட்சி.
வெள்ளைக்காரன் எடுத்த படம்.
தோல் மண்டிக்காரனுக்கு
இங்கிலீஷ் படத்தில் என்ன வேலை?
சதி என்றே தீர்மானித்து
பெஞ்சு டிக்கெட் எடுத்தேன்.
ரசீது இணைப்பு.

படத்தைப் பற்றி:
அதில் ஓர் உளவாளி.
நம் இலாகாதான், வேறு ஊர்.
எனக்கு 1147 போல அவனுக்கும் ஒரு எண்.
குடையை விரித்தால் துப்பாக்கி ஆகவேண்டும்,
குடையாகவே விரிகிறது. மழையும் இல்லை.
ரகசியக் காகிதத்தை விழுங்கிவிட்டு
விலாசம் மறந்துபோய்
விக்கலுக்கு ஓர் எழுத்தாகச் சொல்கிறான்.
எதிரியின் மதில் ஏறிக் குதித்தால்
சொந்த மேலதிகாரியின் குளியலறை.
அவர் நுரையோடு எழுந்து
சல்யூட்டை வாங்கிக்கொள்கிறார்.
தங்களை நினைத்துக்கொண்டேன், ஐயா.
முந்தைய வரியை அடித்துவிடுகிறேன்.

மாடியில் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சிரித்தார்கள்,
பாஷை தெரிந்த சிரிப்பு.
அரை நொடி கழித்துக் கீழே சிரித்தார்கள்,
மேலே சிரித்ததற்காக.
மேற்படி நபர் மட்டும்
இரண்டுக்கும் முன்னால் சிரித்தார்.
விழப்போகிறவனை
விழுமுன்பே தெரிந்தவர் போல.

நான் தூணுக்குப் பின்னால்.
ஒரு கண்ணுக்குப் படம், ஒரு கண்ணுக்கு அவர்.
இடைவேளை விளக்கு எரிந்ததும்
திரும்பாமலே சொன்னார்:
"தூணு மறைக்கும், இப்பிடி வந்து குந்து ஏட்டையா.
பாதிப் படம் பாத்துட்டு
சாயங்காலம் இன்னாத்த எழுதுவ?"

அடையாள வாக்கியம் கேட்பது விதி.
இந்த ஊரில் பிறந்த எவன் வாயிலும் வருவதே
என் வாயிலும் வந்தது.
"ஆறு இருக்கு."
"தண்ணி இல்ல."
"கோட்ட இருக்கு."
"ராஜா இல்ல."
"போலீசு இருக்கு..."
அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

பிரித்துப் பார்த்தேன்.
தடை செய்த துண்டுப் பிரசுரம்தான்.
எண்ணெய் ஊறாத இடத்தில்
"தோழர்களே" மட்டும் தெரிந்தது.
கடலைக்காரனுக்கு இது எப்படிக் கிடைத்தது என்று
விசாரிக்கத் தேவையில்லை, ஐயா.
பறிமுதல் செய்த கட்டுகளைப்
போன மாதம் எடைக்குப் போட்டது நாம்.

பின்பாதியில் பக்கத்திலிருந்தே கண்காணித்தேன்.
மூட்டைப்பூச்சி இரு தரப்பையும் கடித்தது.
கடைசியில் உளவாளி
கண்ணாடியில் தெரிந்தவனைக் கைது செய்து
பதக்கம் வாங்குகிறான்.
யாரோ என் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.
யார் தொடையையோ நானும் தட்டினேன்.

வெளியே சித்திரை.
தார் உருகிச் சக்கரங்களில் ஒட்டுகிறது.
"நாளைக்கி விடியக்காலம் அஞ்சு மணிக்குத்தான?" என்றார்.
உத்தரவு ரகசியம்.
நான்காக மடித்து என் மஞ்சள் பையில் இருந்தது.
பையில் ஓட்டை இருந்தது.
"பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிட்டு அப்பத்தான் தூங்கும்.
கதவத் தட்டாத.
தெருவுல நின்னு இரும்பு போதும், வந்துர்றேன்."

பிறகு குனிந்து
செருப்பிலிருந்த ஊக்கைக் கழற்றி
என் பையின் ஓட்டையில் குத்தினார்.
செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு
நிழல் இருக்கும் பக்கமாகப் போனார்.
நிழல் சிறிது தூரம்தான் இருந்தது.

மேற்படி நபர் சிரித்தார் என்பதற்குச் சாட்சிகள் உண்டு.
நான் சிரித்ததற்கு
ஒருவர்தான்.

டிக்கெட் ரசீதை இணைத்துள்ளேன்.
ஊக்கை இணைக்கவில்லை.